தொங்குகாது முயல்: நான் இருமுறை தவறிய பாடம்



இந்த முறை இலக்கணமும் இல்லை. தேர்வு வழிகாட்டியும் இல்லை. ஒரு முயலைப் பற்றி எழுத விழைகிறேன். ‘முயலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?’ என நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இருபது ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குக் கற்பித்துவரும் நான், ஒரே முயலின் காதைக் குறித்து இருமுறை தவறினேன். முதல் தவறு அறியாமையால் நேர்ந்தது. இரண்டாவது, அரைகுறையாக அறிந்ததால் நேர்ந்தது. இரண்டில் எது கொடியது என்பதை இறுதியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் தவறு

2023ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் சீனப் புத்தாண்டு பிறந்தது. சீனர் கணக்கில் அது முயல் ஆண்டு. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், ஜொகூரில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் வாரம் நடைபெற்றது. வீட்டில் வளர்க்கும் உயிரினங்களைப் பெற்றோர் துணையோடு கொண்டுவரலாம் என அறிவித்திருந்தோம். மீன்கள் வந்தன, ஆமை வந்தது, பூனைக்குட்டிகள் வந்தன. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் ஒரு கூண்டைத் தூக்கி வந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு சிறு முயல். உருண்டை முகம். இரு காதுகளும் கன்னங்களின் மேல் சரிந்து தொங்கின.

“டீச்சர், காது ஒடிஞ்ச முயல்!” என்று ஒரு மாணவன் கூவினான். வகுப்பே சிரித்தது. அந்தச் சிறுமியின் முகம் வாடியது. அவளுக்கு ஆதரவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு நான் சொன்னேன்: “சிரிக்கக் கூடாது. பாவம், பிறவியிலேயே குறை. நாம் அன்பு காட்ட வேண்டும்.”

வாசலருகே நின்ற தந்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: “குறை இல்லைங்க டீச்சர். இந்த இனமே இப்படித்தான். ஹாலண்ட் லாப்னு சொல்வாங்க.”

எனக்கு நாணமாகப் போய்விட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், ‘தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஆசிரியர் அஞ்சலாகாது’ என எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்று நான் அதை மறந்துவிட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்காமல், அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பழைய முயல் வேறு, இம்முயல் வேறு

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குவோம். நம் முன்னோர் ‘முயல்’ என்று அழைத்தது, பிடரியில் கறுப்பு நிறம் கொண்ட காட்டு முயலை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் விலங்கு அது. வளை தோண்டாது, புல் மறைவில் பதுங்கும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் இருக்கும்.

நாம் இன்று கூண்டில் வளர்க்கும் முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழி வந்தது. அது மண்ணில் வளை தோண்டி வாழும். அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், குழிமுயலுக்கு 44. இரண்டும் கூடிக் குட்டி ஈனா. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கிறோம். அதனால்தான் ஆமையோடு ஓடித் தோற்ற முயலையும் கூண்டில் புல் தின்னும் முயலையும் குழந்தைகள் ஒன்றாகவே கருதுகின்றனர்.

நம் ஜொகூர்க் காடுகளில் இரண்டுமே இல்லை. பஞ்சதந்திரக் கதைகளில் சிங்கத்தையும் யானைகளையும் அறிவால் வெல்வது முயல். மலாய்க் கதைகளில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ‘சாங் காஞ்சில்’ எனும் சருகுமான். மலாய் மொழி முயலுக்குச் சூட்டிய ‘அர்னாப்’ என்ற பெயரும் அரபு மொழியிலிருந்து வந்ததே. ஆக, கூண்டுமுயல் நம் மண்ணுக்குக் கடல் கடந்து வந்த விருந்தாளி. நம் முன்னோரும் அப்படி வந்தவர்கள்தாமே!

போப்பாண்டவர் கதை

குழிமுயலின் தாயகம் ஐபீரியத் தீபகற்பமும் தென் பிரான்சும். அதை மனிதன் எப்போது வீட்டு விலங்காக்கினான்? இதற்குப் பல நூல்களில் ஒரு சுவையான விடை இருந்தது. ஏறத்தாழ கி.பி. 600இல் போப்பாண்டவர் முதலாம் கிரகோரி, ‘முயற்கரு இறைச்சி ஆகாது, நோன்புக் காலத்தில் உண்ணலாம்’ என ஆணையிட்டாராம். உடனே துறவிமடங்கள் முயல் வளர்க்கத் தொடங்கினவாம்.

2018ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கதையின் வேரைத் தேடிப் போனார்கள். அப்படி ஓர் ஆணையே இல்லை! தூர் நகரத்துக் கிரகோரி என்ற வேறொரு சமயத்தலைவர், நோன்புக் காலத்தில் முயற்குட்டிகளை உண்ட ஒருவரைப் பற்றித் தம் வரலாற்று நூலில் எழுதியிருந்தார். பிற்காலத்தவர் இரண்டு கிரகோரிகளையும் குழப்பிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத, தவறு பாடமாகிவிட்டது. முயலை வீட்டு விலங்காக்கியது ஒரே நாளில், ஓர் ஆணையால் நிகழ்ந்ததன்று. பல நூற்றாண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்தது என்பதே அவ்வாய்வாளர்களின் முடிவு.

இதைப் படித்தபோது என் நாணம் சற்றுக் குறைந்தது. நூலாசிரியர்களே தவறியிருக்கிறார்கள். ஆனால் திருத்திக்கொண்டார்கள் அல்லவா? அதுதான் முக்கியம்.

காது தொங்கியது எப்படி?

காட்டில் வாழும் குழிமுயலின் காது நிமிர்ந்தே இருக்கும். நரியின் காலடியையும் பருந்தின் சிறகடிப்பையும் முன்னதாகக் கேட்கும் முயலே பிழைக்கும். காது மடிந்த குட்டி ஒன்று காட்டில் பிறந்தாலும் நெடுநாள் வாழ்வது அரிது. கூண்டிலோ நரி இல்லை. மனிதனின் விருப்பமே அங்கே விதி.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முயல் வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. இறைச்சிக்காகவோ தோலுக்காகவோ இல்லாமல், அழகுக்காகவே முயல் வளர்த்துப் போட்டிகள் நடத்தினார்கள். நீண்டு தொங்கும் காதுள்ள குட்டிகளையே தேர்ந்தெடுத்து, அவற்றையே தம்முள் இணைத்து, தலைமுறை தலைமுறையாகக் காதை நீட்டினார்கள். அவ்வாறு உருவான ‘இங்கிலீஷ் லாப்’ இனத்தின் காது தரையில் புரளும். 2003 நவம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் கன்சாசு மாநிலத்தில் நடந்த முயல் கண்காட்சியில் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு முயலின் காதுகளை அளந்தனர். ஒரு காதின் நுனியிலிருந்து மறு காதின் நுனிவரை 79 செண்டிமீட்டர்! நம் மாணவர்களின் 30 செண்டிமீட்டர் அடிக்கோல் இரண்டரையை வரிசையாக வைத்தாலும் அதை எட்டாது.

இம்முயல்களைக் கூர்ந்து நோக்கியவர்களுள் சார்லசு டார்வினும் ஒருவர். வளர்ப்பு விலங்குகளின் வேறுபாடுகளைப் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட நூலில் முயலுக்கென ஒரு பகுதியே உண்டு. தொங்குகாது முயல்களின் மண்டையோடுகளை அவர் அளந்து பார்த்தார். ஒரு காது மட்டும் தொங்கும் முயலின் மண்டையோட்டில், காதுத் துளையின் அமைப்பே இருபுறமும் வேறுபட்டிருந்தது. தோலும் குருத்தெலும்பும் மட்டுமன்று. உள்ளே எலும்பும் மாறியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

டார்வின் இன்னொன்றையும் கவனித்தார். நாய், ஆடு, மாடு, பன்றி, முயல் என எந்த வளர்ப்பு விலங்கை எடுத்தாலும் ஏதேனும் ஒரு நாட்டில் அதன் காது தொங்குகிறது. காட்டு விலங்குகளிலோ யானைக்கு மட்டுமே தொங்கும் காது! நம் திருக்குறளின் 772ஆம் குறளில், முயலின் மேல் எய்த அம்பும் யானைக்குக் குறிதவறிய வேலும் அருகருகே வருவதை ஆசிரியர்கள் அறிவீர்கள். வள்ளுவர் வீரத்துக்காக இணைத்த இரு விலங்குகளைக் காதின் பொருட்டு டார்வினும் இணைத்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

வளர்ப்பு விலங்குக்கு ஆபத்து குறைவு. அதனால் காதுத் தசையைப் பயன்படுத்தாமல் விட்டதே காது தொங்கக் காரணமாகலாம் என்பது டார்வின் ஏற்ற கருத்து. இங்கேதான் என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி பாம்படம் அணிந்தவர். சிறு வயதிலேயே காது வளர்த்தவர். அவருடைய காது தோளைத் தொடும். ஆனால் என் தாயாருக்கும் எனக்கும் சாதாரணக் காதுதான். வாழ்நாளில் உடலில் ஏற்படும் மாற்றம் அப்படியே பிள்ளைகளுக்குச் செல்வதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா? மரபுப் பண்புகளைப் பற்றிப் பேசும்போது இவ்வெடுத்துக்காட்டைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். முயலின் காது பரம்பரையாகத் தொங்குவதற்கு, மனிதன் தலைமுறைதோறும் செய்த தேர்வே காரணம்.

ஆயினும் பல விலங்குகளில் ஒரே பண்பு தோன்றுவது ஏன்? 1959இல் சோவியத்து நாட்டில் திமித்ரி பெல்யாயெவ் என்ற அறிஞர், சாதுவான நரிகளை மட்டுமே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் ஆய்வைத் தொடங்கினார். சில தலைமுறைகளில் சில நரிகளின் காது மடிந்தது. உடலில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. கருவில் தோன்றும் ஒருவகை உயிரணுக்களே அச்சத்தையும் காதின் குருத்தெலும்பையும் நிறத்தையும் ஒருசேரப் பாதிக்கின்றன என்ற விளக்கத்தை 2014இல் மூன்று அறிஞர்கள் முன்வைத்தனர். அந்நரிகள் ஏற்கெனவே பண்ணையில் வளர்ந்தவை என்று சுட்டி மறுப்போரும் உண்டு. விவாதம் தொடர்கிறது.

டில்பர்க் நகரின் சிறு முயல்

இனி, நம் மாணவியின் முயலுக்கு வருவோம். இங்கிலீஷ் லாப் முயலைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய இனங்களோடு கலந்து ‘பிரெஞ்சு லாப்’ எனும் பருத்த இனத்தை உருவாக்கினார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் வாழ்ந்த அட்ரியான் டி கோக் என்பவர், அதே அழகைச் சிறிய உருவில் காண விரும்பினார்.

1949இல் பிரெஞ்சு லாப் ஆணையும் நெதர்லாந்துக் குள்ளமுயல் பெண்ணையும் இணைக்க முயன்றார், பயனில்லை. பின்னர் குள்ளமுயல் ஆணோடு பிரெஞ்சு லாப் பெண்ணை இணைத்தார். குட்டிகள் பிறந்தன, ஆனால் எல்லாக் குட்டிகளின் காதும் நிமிர்ந்தே நின்றன! வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். அவர் அக்குட்டிகளில் ஒன்றை வளர்த்து, இங்கிலீஷ் லாப் ஆணோடு சேர்த்தார். இப்போதுதான் தொங்கும் காது மீண்டும் தலைகாட்டியது. 1955 அளவில் மூன்று கிலோகிராமுக்கும் குறைந்த தொங்குகாது முயல்கள் அவரிடம் இருந்தன. 1964இல், இரண்டு கிலோகிராமுக்கும் குறைந்த எடையில், அவ்வினம் நெதர்லாந்தில் ஏற்பு பெற்றது. பதினைந்து ஆண்டு உழைப்பு! அமெரிக்கக் கண்காட்சிகளில் இதன் எடை 1.8 கிலோகிராமைத் தாண்டக் கூடாது.

முயல் வளர்ப்பின் நோக்கம் இடத்துக்கு இடம் மாறுவதையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் நடுவண் அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அங்கே வளர்ப்பவை ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள்; காது நிமிர்ந்தவை. ஹாலண்ட் லாப் அவ்வாறன்று. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகவே மனிதன் படைத்த உருவம் அது.

அந்த உருவத்துக்கு ஒரு விலையும் உண்டு. குள்ளமுயலிடமிருந்து வந்த குட்டை மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரு குட்டிக்குச் சேர்ந்து வந்தால், அக்குட்டி பிறந்த சில நாள்களில் இறந்துவிடும். பெற்றோர் இருவருமே அம்மரபணுவைத் தாங்கியிருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்தக் கதி. அம்மரபணு எதுவென்று 2017இல் கண்டறிந்தார்கள். கடையில் நாம் காணும் அழகிய குட்டிக்குப் பின்னால், நாம் காணாத குட்டிகள் இருந்திருக்கக்கூடும்.

இரண்டாம் தவறு

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தேன். வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். “காது தொங்குவது நோயன்று; அவ்வினத்தின் இயல்பு” என்று விளக்கினேன். அந்தச் சிறுமி மகிழ்ந்தாள். ‘காது ஒடிஞ்ச முயல்’ என்று கூவியவனே அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

இரண்டு மாதங்கள் சென்றிருக்கும். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அவள் என்னிடம் வந்தாள். “டீச்சர், என் முயல் ஒரு காத ரொம்பத் தொங்கப் போடுது. தலையையும் ஆட்டுது” என்றாள். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் நிமிராமலே சொன்னேன்: “அதுதான் அன்றைக்கே சொன்னேனே அம்மா, இந்த இனத்துக்குக் காது தொங்குவது இயல்பு.”

அவள் நம்பினாள். ஆசிரியர் சொன்னால் குழந்தைகள் நம்புவார்கள். வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறாள். “டீச்சரே சொல்லிட்டாங்க” என்று பெற்றோரும் விட்டுவிட்டார்கள்.

மேலும் இரண்டு வாரங்களில் முயல் உணவைத் தொடவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஜொகூர் பாருவில் ஒரு விலங்கு மருத்துவரிடம் கொண்டுசென்றார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: “காதைத் தூக்கிப் பார்த்தீர்களா?” யாரும் பார்க்கவில்லை. காதின் அடியில் சீழ்க்கட்டி. தொற்று உட்செவிவரை சென்றிருந்தது. சிகிச்சைக்குப் பின் முயல் பிழைத்தது. ஆனால் தலைச்சாய்வு முழுதும் நேராகவில்லை. இன்றும் அது உலகைச் சாய்வாகத்தான் பார்க்கிறது.

டார்வினின் மண்டையோட்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? காது மடியும்போது அடிப்பகுதியிலுள்ள செவிக்குழலும் மடிந்து குறுகுகிறது. அழுக்கு எளிதில் வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது. லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு மீட்பு இல்லத்தில் தொங்குகாது முயல் 15, நிமிர்காது முயல் 15 எனச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டனர். குறுகிய செவிக்குழலும், தேங்கிய அழுக்கும், காதைத் தொட்டால் வலியும் தொங்குகாது முயல்களிடமே மிகுந்திருந்தன. ஆய்வு சிறியதுதான், எல்லாத் தொங்குகாது முயலும் நோயுறும் என்று பொருளில்லை. ஆனால் மருத்துவர் கேட்ட கேள்வியின் காரணம் எனக்கு விளங்கியது.

முதலில் இயல்பை நோய் என்றேன். பின்னர் நோயை இயல்பு என்றேன். முதல் தவற்றால் ஒரு குழந்தையின் முகம் வாடியது. இரண்டாம் தவற்றுக்கு ஓர் உயிர் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க டீச்சர்” என்றார் தாயார். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. முயலை என் மடியில் வைத்து, அதன் காதை மெல்லத் தூக்கி, உள்ளே எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள். மருத்துவரிடம் கற்றுக்கொண்டாளாம். அன்று அவள் ஆசிரியை, நான் மாணவி.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

தொங்குகாது முயல் வளர்ப்போரும் வாங்க எண்ணுவோரும் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

1. வாரம் ஒருமுறையேனும் காதைத் தூக்கிப் பாருங்கள். துர்நாற்றம், சீழ், வீக்கம், தலையாட்டல், ஒரு காது மட்டும் மேலும் தொங்குதல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நீங்களாகக் குச்சியை நுழைக்காதீர்கள்.

2. காதைப் பிடித்து முயலைத் தூக்கக் கூடாது. மார்பையும் பின்பகுதியையும் தாங்கித் தூக்குங்கள்.

3. முயல் தன் உடல் வெப்பத்தைப் பெரிதும் காதின் இரத்தக் குழாய்கள் வழியே வெளியேற்றுகிறது. நம் ஜொகூரின் நண்பகல் வெப்பம் அதற்கு மிகுதி. தகரக் கூரையின் கீழோ வெயில் படும் ஐந்தடியிலோ கூண்டை வைக்காதீர்கள். நிழல், காற்றோட்டம், எந்நேரமும் குளிர்ந்த நீர் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

4. கேரட் அன்றாட உணவன்று. உலர்புல்லே முதன்மை உணவு. முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளரும். புல்லை மென்றால்தான் தேயும்.

5. வாங்கும் முன் ஒன்றை எண்ணுங்கள். நன்கு பேணினால் அது எட்டு, பத்து ஆண்டுகள் வாழக்கூடும். நான்காம் ஆண்டுக் குழந்தைக்கு வாங்கித் தந்தால், அக்குழந்தை எஸ்.பி.எம். எழுதும்போதும் அது வீட்டில் இருக்கும்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பவர் தம் விலங்குக்கு ஏற்ற இடமும் உணவும் தந்து, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. கொடுமை இழைத்தால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அச்சட்டத்தின் எண் 772. முயல் வரும் அதே குறளின் எண்! தற்செயல்தான். ஆயினும் தமிழாசிரியர்களுக்கு மறக்காது அல்லவா?

பூனையும் நாயும் கத்தித் தம் வலியைச் சொல்லும். முயல் பெரும்பாலும் கத்தாது. தன் காதையும் அது தானே மடக்கிக்கொள்ளவில்லை. இருநூறு ஆண்டுகளாக நம்மைப் போன்ற மனிதர்களின் கைகளே மடக்கின. மடக்கிய கைகளுக்கு அதைத் தூக்கிப் பார்க்கும் கடமையும் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஒரு குழந்தை வந்து, “டீச்சர், ஏதோ மாறியிருக்கிறது” என்று சொன்னால், முயலைப் பற்றியானாலும் வேறு எதைப் பற்றியானாலும், விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்துங்கள். நான் இப்போது நிமிர்த்துகிறேன்.